கூவாமல் வைத்த தீ

கச்சிராயபாளையத்தில் கரும்பு வெட்டியதும், வயலில் காய்ந்து கிடக்கும் சோகை இலைகளைக் கொளுத்துவோம். எலி பிடிக்க வந்தவர்கள் யாராவது சோகைக் குவியலுக்குள் குனிந்து இருக்கலாம். அதனால் தீ வைக்குமுன் என் தம்பி வரப்பில் நின்று, "உள்ள யாருனா இருக்கீங்களா? வெளிய வந்துடுங்க!" என்று தொண்டை கிழியக் கூவுவான்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் மறியல் நடந்த அன்று ஒரு குடிசை எரிந்தது. உள்ளே படுத்திருந்த பெரியவர் கருகிச் செத்தார். கொளுத்தியது தம்பிதான் என்று அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பொய் வழக்கு என்று ஊரெல்லாம் சண்டை போட்டேன்.

சிறைக்குப் பார்க்கப் போனபோது, "நான்தான்க்கா கொளுத்தனேன்" என்றான்.

எனக்கு ஒன்றுதான் கேட்கத் தோன்றியது. "கூவுனியாடா?"

கம்பியைப் பிடித்தபடி தலைகுனிந்தான். "இல்லக்கா. தோணவே இல்ல."

இப்போது எங்கள் வயலில் நான்தான் கூவுகிறேன். உள்ளே யாருமில்லை என்று தெரிந்த பிறகும் தீ வைக்கக் கை வருவதில்லை.