மாமியின் மருதோண்டி மொட்டையான கதை

கூட்டாளிமாரே, இந்தக் கொப்பியைக் கைமாற்றி வாசிங்க. கை இன்னும் வலிக்குது, எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீங்க.

நூஹு மாமாவைத் தெரியும்தானே? நுவரெலியாவில் தோட்டத் துரைமார் பழைய அசேலியாப் பூச்செடியைத் தோண்டிச் சட்டியில் குள்ள மரமாக வளர்க்கிறதைப் பார்த்து வந்தவர். இங்கே அசேலியா ஏது? வீட்டு வளவு வளவாகக் கிழட்டுச் செடி தேடுகிறார்.

காலையில் அவரிடம் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். "மாமா, பக்கத்து வீட்டு ஆசியா மாமி தன்ட மருதோண்டிச் செடியை உங்களுக்குத் தாறாவாம்."

மாமி ஏசுவா, மாமா ஓடுவார், நான் சிரிப்பேன் என்று கணக்குப் போட்டேன். மாமி கடைக்குப் போயிருந்தது தெரியாது. மாமியின் மகள் சித்தி, எனக்கு அக்கா முறை ராத்தா, கல்யாணப் பொண்ணு. மரம் அறுக்கிற வாள் சத்தம் கேட்டும் வேற்று ஆம்பிளை முன்னால வெளியே வரேலாது.

நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், யா அல்லாஹ்! ஆள் உயரச் செடி முழங்கால் உயரக் கட்டையாக, வேரோடு சாக்கில் கிடக்குது. பின்னேரம் ராத்தாவுக்கு மருதோண்டி போடணும்!

"அடிக்கட்டைதான் அழகு. இலை என்னத்துக்கு?" என்றார் மாமா.

அப்போதுதான் மாமி வந்தா. உள்ளே ராத்தா அழுகிற சத்தம்.

"நான்தான் மாமி, பகிடிக்குச் சொன்னன்..."

மாமி கத்தவேயில்லை. அதுதான் பயம். வெட்டின கொப்புகளைக் காட்டி, "வாட முந்தி இலையை உருவு. அம்மியிலயும் நீதான் அரைக்கணும்" என்றா.

அஸர் தொழுகை வரைக்கும் அரைத்தேன். ராத்தாவின் இரண்டு கைக்கும் அது போதுமாம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் என் இரண்டு கையும் மணப்பெண் கையாகச் சிவந்துபோச்சு, சவர்க்காரம் போட்டுத் தேய்ச்சும் போகுதில்லை.

நாளைக்கு எவனும் ஸலாம் சொல்லிக் கை நீட்டாதீங்க. கழுவ வழி தெரிஞ்சவன் கீழே எழுதுங்க.