ஏசி இருந்த அறை

அந்த 'டப்' என்ற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பச்சை எழுத்துகள் ஓடிக்கொண்டிருக்கும் திரை சட்டென்று கறுத்துப்போகும். நான் அதுவரை தட்டிய கணக்கெல்லாம் அதோடு போகும். எண்பதுகளின் கடைசியில், தர்மபுரியில் விதையும் உரமும் விற்ற ஒரு கம்பெனியில் எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. பெங்களூரிலிருந்து பாகம் பாகமாக வந்த கம்ப்யூட்டரை இரண்டு இன்ஜினியர்கள் எங்கள் கண்ணெதிரே பூட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினோம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் நுழைய வேண்டும். தூசி ஆகாது என்று ஜன்னல்களை ஆணி அடித்து மூடினார்கள். கம்ப்யூட்டர் வந்த வண்டியிலேயே அதற்கென்று ஒரு ஏசியும் வந்தது. அதை மட்டும் மேனேஜர் தம் அறையில் மாட்டிக்கொண்டார்.

எங்கள் ஊரான மாரண்டஹள்ளியில் என் அப்பா, என்னைத் தாய்மாமனுக்குக் கட்டிவைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை. "வேல இருக்கற வரைக்கும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டன். வேல போச்சுன்னா என் பேச்ச நீ கேக்கணும்" என்று அப்பா சொல்லியிருந்தார். அந்தக் கம்ப்யூட்டர் அணையாமல் இருந்தால்தான் என் பிழைப்பு.

என்னதான் செய்யவில்லை! பிளக்கை மாற்றினேன், ஸ்டெபிலைசரை மாற்றினேன், எலக்ட்ரீஷியனை அழைத்து வோல்டேஜ் பார்க்கச் சொன்னேன். காலையில் ஒழுங்காக ஓடுவது, வெயில் ஏற ஏறச் சீக்கிரம் சீக்கிரமாக அணைந்தது. ஆறவிட்டால் மறுபடி ஓடியது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, காற்றே புகாத அந்த அறையில் எனக்கே மயக்கம் வந்தது. பெட்டியின் பின்பக்கத்தில் கை வைக்க முடியவில்லை. சூடுதான் காரணம் என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். ஜில்லென்ற அறையில் உட்கார்ந்துகொண்டு, "சூட்டுக்கெல்லாம் மிஷின் நிக்குமா? ஓட்டத் தெரியலன்னு சொல்லு" என்றார்.

பெங்களூரிலிருந்து முதலாளிகள் வந்த அன்று, மேனேஜர் கம்ப்யூட்டரைத் தம் அறைக்குத் தூக்கிவரச் செய்தார். அன்று முழுக்க அது ஒரு முறைகூட அணையவில்லை. முதலாளிகள் அவருக்குக் கை கொடுத்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் பழைய இடத்துக்கே அது திரும்பியது. மத்தியானத்துக்குள் அணைந்தது.

எல்லார் முன்னாலும் என்னை நிறுத்தினார். "நேத்து என் ரூம்ல நிக்கல. உங்கிட்ட வந்தா மட்டும் நிக்குது. அப்ப கோளாறு மிஷின்லயா, உங்கிட்டயா?"

"ஏசி உங்க ரூம்ல இருக்குதுங்க சார்" என்றேன்.

அது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவராவது வாயைத் திறக்க வேண்டுமே! "நாளையில இருந்து வர வேணாம்" என்றார் மேனேஜர்.

இப்போது எங்கள் வீட்டிலேயே ஏசி ஓடுகிறது, பேரப்பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன்னால் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

வேலை போன அந்த வருஷம் வைகாசியிலேயே தாய்மாமனோடு என் கல்யாணம் நடந்தது. விதை வாங்கிய பழக்கத்தில் அப்பா அந்த மேனேஜருக்கும் பத்திரிகை வைத்திருந்தார். அவரும் வந்தார், முன்வரிசையில் உட்கார்ந்தார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னங்க இப்பிடி வேகுது, மனுசன் உக்கார முடியுமா?" என்று சத்தமாகச் சொன்னார். தாலி கட்டும் நேரத்தில் என் அப்பா மணமேடையை விட்டு இறங்கிப்போய், மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.