மூன்றாவது தூண்

தொம்மலூர் சரளாவுக்கு எலெக்ட்ரானிக் சிட்டி அடுக்குமாடி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை. அந்தக் கட்டடம் எழும்பியபோது அவள் தம்பி ரவிக்குமார் அங்கே கம்பி கட்டினான். பத்து வருஷத்துக்கு முன் வேலைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. எவளையோ இழுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்றார் சைட் இன்ஜினியர் அர்ஜுனன். போலீஸும் அதையே எழுதிக்கொண்டது. அம்மா மகனைச் சபித்தபடியே செத்தாள். சரளாவும் சபித்தாள்.

ஹவுஸ்கீப்பிங் வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவர், ரவி வேலை பார்த்த கோவிந்தப்பா மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு.

போன வருஷம் ஒரு பேய்ப்படத்துக்கு பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்டார்கள். உயிரோடு புதைக்கப்பட்டவன் எழுந்து வந்து பழிவாங்கும் கதை. குழியில் கிடந்த நடிகன்மேல் மண்ணைத் தள்ளினார்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கோவிந்தப்பா வெளியே ஓடிப்போய் வாந்தியெடுத்தார். சரளா தண்ணீர் பாட்டிலோடு பின்னால் போனாள்.

அங்கேதான் சொன்னார். அன்றைக்கு தூணுக்குத் தோண்டிய குழியில் மண் சரிந்து ரவி உள்ளே போய்விட்டான். வெளியே தெரிந்தால் வேலை நின்றுவிடும் என்று அர்ஜுனன் அப்படியே மூடி கான்கிரீட் போடச் சொன்னார். வாயைத் திறந்தால் பழி உன்மேல்தான் என்று மிரட்டினாராம்.

"ஒம்போது வருஷம் என் கையால சாப்ட்டியேண்ணா," என்றாள் சரளா. பாட்டிலை அவர் முகத்திலேயே விட்டெறிந்தாள்.

விறுவிறுவென்று கீழே இறங்கி, ஓடிக்கொண்டிருந்த கேமராவுக்கு முன்னால் போய் நின்றாள். டைரக்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் அர்ஜுனன். இப்போது அவர்தான் அங்கே மேனேஜர். தினமும் காலையில் சார் என்று அவருக்கு வணக்கம் வைத்தவள் அவள்.

"என் தம்பி எந்தத் தூணுக்குக் கீழ கெடக்குறான்? நீயே காட்டுடா."

இரண்டு பேர் அவளை இழுத்துப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. பின்னாலேயே இறங்கி வந்த கோவிந்தப்பா மூன்றாவது தூணைக் கைகாட்டினார்.

போலீஸ் வந்தது, தூணை ஒட்டித் தோண்டினார்கள். எலும்பு கிடைத்தது. அர்ஜுனன் ஜெயிலுக்குப் போய் ஜாமீனில் வந்துவிட்டார், கேஸ் நடக்கிறது. ரவியின் கதையைப் படத்தில் சேர்க்கலாமா என்று கேட்டு வந்த ஆட்களின் முகத்தில் சரளா கதவைச் சாத்தினாள்.

அவர்கள் குடும்பத்தில் பிணத்தைப் புதைப்பதுதான் வழக்கம். இவனை எரிக்கச் சொன்னாள் சரளா. "இன்னொரு வாட்டி அவன் மேல மண்ணு விழக்கூடாது," என்றாள்.

சுடுகாட்டு கேட்டுக்கு வெளியே கோவிந்தப்பா நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரச்சொல்லவா என்று யாரோ கேட்டார்கள். சரளா சிதையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.