குனிய வைத்த கூரை

ஆரப்பாளையம் டீக்கடையில் நனைந்த கீற்றின் வாடை மூக்கில் ஏறியதும், கோச்சடையில் இருந்த எங்கள் கூரைவீட்டுக்குள் நுழைவதுபோல் என் தலை தானாகக் குனிந்தது. மண்சுவர் செங்கல்லானது, சாணித்தரை சிமெண்டானது, வாசலில் தாழ்ந்து இறங்கும் இறவாரம் மட்டும் உயரவேயில்லை. கீற்று மாற்றும்போதெல்லாம் அம்மா கூரை வேய வருபவரிடம், "இறக்கியே போடுங்கண்ணே, எம்புட்டுப் பெரிய ஆளா இருந்தாலும் குனிஞ்சுதேன் வரணும்" என்பாள். தெருவில் எங்களை ஏறிட்டும் பார்க்காத ரைஸ்மில் முதலாளி, வீட்டை விலைக்குக் கேட்டு அப்படிக் குனிந்துதான் வந்தார். அம்மா முடியாது என்றதும் குனிந்தே வெளியேறினார். பிறகு சாலையை அகலப்படுத்தியபோது வீடு போயிற்று.

இப்போது கட்டும் வீட்டு வாசலில் தாழ்வாகக் கீற்று இறக்கச் சொன்னேன்.

"வர்றவுக தலையில இடிக்குமேண்ணே" என்றார் கொத்தனார்.

"குனியட்டும்" என்றேன்.