குடல்வால் என்று சொன்ன தழும்பு

உர்மிளா பிஜித் தீவில் லம்பாசா ஊரில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தபோது கருப்பையில் கட்டி வந்து, வயிற்றைக் கீறி எடுத்தார்கள். அறுத்த டாக்டர் தையல் பிரிக்கும்போதே சொன்னார்: "கர்ப்பப்பையில ஆழமா தச்சிருக்கு. நாளைக்குப் புள்ள உண்டானா வலி வர்றவரைக்கும் விட்டுராத. முன்னாடியே வந்து சொல்லு, கீறி எடுத்துரலாம்."

எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. போக முடிந்த இந்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள், அந்த டாக்டரும்தான். கரும்புக்காரர்கள் மகள்களுக்கு வெளிநாடு போக வழியுள்ள மாப்பிள்ளையாகத் தேடினார்கள். தலைநகர் சுவாவில் தச்சுவேலை பார்த்த சதேந்திராவுக்கு ஆக்லாந்தில் அண்ணன் இருந்தான். பெண் ஆஸ்பத்திரியில் கிடந்தாளாமே என்று அவன் அம்மா தாயம்மா கேட்டபோது, உர்மிளாவின் அம்மா முந்திக்கொண்டாள்.

"குடல்வால் வெடிச்சிருச்சுங்க. அதான் நடுவுல கீறிட்டாங்க."

கருப்பை என்று வாயைத் திறந்தால் சம்பந்தம் நிற்காது. கல்யாணம் நடந்தது. உண்டானபோது சுவா ஆஸ்பத்திரிக்கு மாமியாரே கூட வந்ததால், உர்மிளா அங்கேயும் குடல்வால் என்றே சொல்லிவைத்தாள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள், கெஞ்சிப் பார்த்தாள்.

"நர்ஸ்கிட்டயாவது சொல்லிரலாம்மா."

"சொன்னா உன் மாமியா காதுக்குப் போவாதா? வாழ்க்கையும் போச்சு, நியூசிலாந்தும் போச்சு. அதெல்லாம் ஆறியிருக்கும், பேசாம இரு."

பிரசவம் பார்க்கச் சுவாவிலிருந்து கப்பலேறி வந்திருந்த தாயம்மாதான் ஆஸ்பத்திரியில் அவள் இடுப்பை நீவிக்கொண்டிருந்தாள். வலி விட்டுவிட்டு வந்தது. ஒரு வலியின் நடுவில் உள்ளே ஏதோ கிழிந்தது. பிறகு வலியே வரவில்லை.

"வலி நின்னுருச்சா? அப்ப சித்த கண்ண மூடு" என்றாள் அம்மா.

தோள்பட்டை குத்தியது. உடம்பு சில்லிட்டு வேர்த்தது. குழந்தையின் துடிப்பைத் தேடிய நர்ஸ், கருவியை இடம் மாற்றி மாற்றி வைத்தாள். உர்மிளா தாயம்மாவின் கையைப் பிடித்தபடியே சொன்னாள்: "குடல்வால் இல்ல. கர்ப்பப்பையில அறுத்தாங்க."

நர்ஸ் ஓடினாள்.

பழைய தையலோடு கருப்பை பிளந்திருந்தது. ஆண் குழந்தை. கருப்பையை விட்டு வெளியே வந்து வயிற்றுக்குள் கிடந்தது, உயிர் இல்லை. ரத்தம் நிற்காததால் கருப்பையையும் எடுத்துவிட்டார்கள்.

அம்மா வார்டு வாசலோடு நின்றுவிட்டாள். உர்மிளா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். யார் கட்டிலருகே வந்தாலும், தன்னை விட்டுவிட்டுப் போகிறோம் என்று சொல்லத்தான் வருகிறார்கள் என்று நினைத்தாள். தாயம்மா கஞ்சியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா உன்னக் கடிச்சா தின்னிருப்பேன்?"

கஞ்சி டம்ளரை அவள் கையில் வைத்தாள்.

"சரி, குடி. தெம்பு வந்ததும் வீட்டுக்குப் போலாம்."

"எந்த வீட்டுக்கு அத்த?"

"நம்ம வீட்டுக்குத்தான், கேக்குறா பாரு."

பிறகு ஆக்லாந்து போனார்கள், மாமியாரோடு அங்கேயும் ஒரே வீடுதான். உர்மிளா முதியோர் இல்லமொன்றில் துணி வெளுத்தாள். சாகும்வரை முதுகுவலியோடுதான் வேலைக்குப் போய்வந்தாள். பிஜியிலிருந்து வந்த சனம் கோயிலில் கூடும்போதெல்லாம் யாராவது ஒருத்தி கேட்பாள், இன்னும் பேரப்பிள்ளை இல்லையா என்று.

"கோளாறு எம் மவங்கிட்ட" என்பாள் தாயம்மா, பந்தியே கேட்க. "வேற என்ன வேணும், ரசமா?"

சதேந்திரா தலைநிமிராமல் சாப்பிடுவான். உர்மிளா ரச வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விடுவாள்.