பிஸ்கட் டப்பாவுக்குள் நான்

போன ஞாயிற்றுக்கிழமை வாங்கிய அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் மீளவில்லை. இந்த மாதப் பக்கத்தை அந்த அதிர்ச்சியோடுதான் எழுதுகிறேன். கையெழுத்து புரியாவிட்டால் அச்சுக்கோப்பவர் மன்னிக்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் நான் பார்சல் கிளார்க் என்பது உங்களுக்குத் தெரியும். ஞாயிறு காலை பாசஞ்சரில் மீஞ்சூரிலிருந்து அக்கா தங்கை இருவர் வந்து இறங்குவார்கள் — ஸ்டெல்லா டீச்சர், லில்லி டீச்சர். எங்கள் சர்ச்சில் சண்டே ஸ்கூல் நடத்துகிறவர்கள். சம்பளம் கிடையாது. மழையோ வெயிலோ, வராத ஞாயிறும் கிடையாது. கையில் எப்போதும் ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே பிஸ்கட் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்...

அன்று டூட்டி சீக்கிரம் முடிந்தது. என் எட்டு வயது மகள் கிரேஸை நானே அழைத்து வரலாம் என்று சர்ச்சுக்குப் போனேன். பின்பக்கம் புளியமரத்தடியில் வகுப்பு. முடிகிற நேரம். சுவரோரம் நின்றேன்.

ஸ்டெல்லா டீச்சர் டப்பாவைத் திறந்தார். பிஸ்கட் இல்லை — துண்டுக் காகிதங்கள்! எதற்காக ஜெபம் செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் எழுதிப் போடும் சீட்டுகள். பெயர் எழுதக் கூடாது. யார் எழுதியது என்று கேட்கவும் கூடாது. டீச்சர் ஒவ்வொன்றாகப் படிப்பார், பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொல்ல வேண்டும்.

"எங்க ஊட்டு மாடு நல்லபடியா கன்னு போடணும்." ஆமென்!

"கணக்குப் பரீட்சையில பாஸாவணும்." ஆமென்!

"எங்க நைனா சோத்துத் தட்டை வீசக் கூடாது." ஆமென்!

"டீச்சர், இது போன வாரமும் வந்துச்சே!" என்றது ஒரு வாண்டு.

"அவர் நிறுத்துற வரைக்கும் வரும். நாமளும் ஜெபம் பண்ணிக்கினே இருப்போம்," என்றார் டீச்சர்.

எனக்குச் சுருக்கென்றது. சே, என்ன மனிதன்! பிள்ளை உட்கார்ந்திருக்கும் இடத்தில் சாப்பாட்டுத் தட்டை வீசுவானா ஒருவன்? எங்கள் ஊரில் பாதி வீடுகளில் அப்பாவுக்கு நைனா என்றுதான் பெயர். எந்த நைனா இவன்? மனசுக்குள் இரண்டு மூன்று பேரை நிறுத்தி விசாரித்தேன். போன மாதம் இதே பக்கத்தில், குழந்தைகள் முன்னால் குரலை உயர்த்தாதீர்கள் என்று எழுதினேனே — அந்த ஆள் படிக்கவில்லை போலிருக்கிறது...

அப்போது ஒரு குரல். ரொம்பப் பழக்கமான குரல்.

"இந்த வாரம் ஒரே ஒரு வாட்டிதான் டீச்சர் வீசினாரு."

கிரேஸ்!

நானா? நான் வீசுகிறவனா? குழம்பில் உப்பு இல்லையென்றால் தட்டைத் தள்ளி வைப்பேன், அவ்வளவுதான். கொஞ்சம் வேகமாகத் தள்ளுவேன். சில சமயம் அது எதிர்ச்சுவர் வரைக்கும் போகும்... அதற்குப் பெயர் வீசுவதா?

அதற்குப் பெயர் வீசுவதுதான். இருபது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. என் மானம் அந்த டப்பாவுக்குள் உட்கார்ந்து, வாராவாரம் மீஞ்சூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் டிக்கெட் இல்லாமல் போய் வந்திருக்கிறது — என் ஸ்டேஷன் வழியாகவே!

வகுப்பு கலைந்தது. என்னைப் பார்த்ததும் கிரேஸின் முகம் வெளுத்துவிட்டது. லில்லி டீச்சர் அவளைத் தண்ணீர் குடிக்க அழைத்துக்கொண்டு போனார். நான் ஸ்டெல்லா டீச்சரிடம் போனேன். கோபத்தோடுதான் போனேன், மறைப்பானேன்?

"இன்னா டீச்சர் இது? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

என்னைவிடப் பத்து வயது சின்னவர். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "சொல்லியிருந்தா, ஊட்டுக்குப் போயி அவளைத்தானே அண்ணா அதட்டியிருப்பீங்க?"

டப்பாவை மூடிக்கொண்டே டீச்சர் தொடர்ந்தார்.

"மொதல்ல அவ எழுதினது வேற சீட்டு அண்ணா. கையெழுத்து எனக்குத் தெரியும்."

"இன்னா எழுதினா?"

"எங்க நைனாவுக்கு ஆந்திராவுல கூடூருக்கு மாத்தல் ஆவணும், அங்கியே இருந்துடணும்னு."

"அங்கியே இருந்துடணுமா?" என்றேன்.

"நான் அதை கிளாஸ்ல படிக்கலை. தனியா கூப்ட்டு, 'நைனா போவணுமா, நைனாவோட கோவம் போவணுமா, எது வேணும் உனக்கு?'ன்னு கேட்டேன். ரெண்டு வாரம் யோசிச்சா அண்ணா. அப்புறம்தான் மாத்தி எழுதினா."

இரண்டு வாரம்! என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று என் மகள் இரண்டு வாரம் யோசித்திருக்கிறாள். அந்த இரண்டு வாரமும் நான் அதே வீட்டில் ஜம்மென்று உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. கிரேஸ் எப்போதும் வாசற்படி ஓரமாகத்தான் சாப்பிட உட்காருவாள். காற்றுக்காக என்று நினைத்திருந்தேன். காற்றுக்காக இல்லை — எழுந்து ஓடுவதற்காக.

அந்த இரண்டு பெண்களும் ஊரைக் கூட்டவில்லை. எனக்குப் புத்தி சொல்லவும் இல்லை. வாராவாரம் பிளாட்பாரத்தில் ஒன்றும் தெரியாததுபோல "ஸ்தோத்திரம் அண்ணா" என்று சிரித்துவிட்டுப் போய், என் பெண்ணை என்னிடமே மீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பெற்றவன் நான் செய்யாததை அவர்கள் செய்தார்கள். அன்று நன்றிகூடச் சொல்லாமல், கிரேஸை சைக்கிளில் உட்காரவைத்து உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதனால்தான் இங்கே, உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

புதன்கிழமை ரசத்தில் உப்பு இல்லை. கை தானாகத் தட்டின் விளிம்புக்குப் போனது. கிரேஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "கொஞ்சம் உப்பு போடும்மா," என்றேன் மனைவியிடம். அவள் அரண்டுபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள் — ஜுரமோ என்று.

நேற்று மத்தியானம் பார்க்கிறேன், கிரேஸின் தட்டு வாசற்படியிலிருந்து ஒரு முழம் உள்ளே வந்திருக்கிறது.

ஸ்டெல்லா டீச்சர், அவள் என் பக்கத்தில் வந்து உட்கார இன்னும் நாலு முழம் பாக்கி — அந்தத் தட்டுச் சீட்டை மட்டும் கிழித்துவிடாதீர்கள்!