மூன்று ஃபேன் கார்டு

ஆறாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. பதினாலு வயதில் மோட்டார் காயில் சுற்றும் கடையில் சேர்ந்தவன், இன்று பெரியநாயக்கன்பாளையத்தில் சொந்தமாகப் பம்புசெட் கம்பெனி வைத்து நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன். எந்த இன்ஜினீயரும் எனக்கு மோட்டாரைப் பற்றிச் சொல்லிக்கொடுத்ததில்லை. நான் சொல்லிக்கொடுத்த இன்ஜினீயர்கள் உண்டு. அப்படிப்பட்ட நான் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கப்போய்ச் சறுக்கினேன்.

எங்கள் ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டர் மகன் காலேஜ் படிக்கும்போது வாங்கியது. அவன் கனடா போனபின் அதற்கு ஒரே வேலைதான். ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கு, அவனுக்கு அங்கே காலை, நாங்கள் லாரி ஓட்டும் கேம் ஆடுவோம். அவன் லாரி முன்னால், என்னுடையது பின்னால். என் சம்சாரம் பக்கத்தில் உட்கார்ந்து மைக்கில் அவனோடு பேசிக்கொண்டே வருவாள். நானும் அவனும் நேராகப் பேசினால் ஐந்து நிமிடத்தில் சண்டை. கம்பெனியைப் பார்த்துக்கொள்ள வா என்பேன், அவன் போனை வைத்துவிடுவான்.

தை மாதம் அவள் இறந்துபோனாள். அவன் வந்து காரியம் முடித்துத் திரும்பினான். அதற்குப் பிறகும் ஞாயிறு ஏழு மணிக்கு லாரியை எடுத்தோம். "சாப்டாச்சுங்களாப்பா?" என்பான். "ஆச்சு" என்பேன். மீதி நேரம் இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு போவோம். அதில் சந்தோஷம் இருந்தது என்று சொல்லமாட்டேன். அப்போது எனக்குச் சந்தோஷம், துக்கம் எதுவுமே தெரியவில்லை. போத்தனூரில் கட்டிக்கொடுத்த மகள் வந்து சமைத்து வைத்து, "உப்பு போதுங்களாப்பா?" என்று கேட்டால் போதும் என்பேன். நாக்குக்குத் தெரிந்து சொன்னதில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரமும் போய்விட்டால் மகனுக்கும் எனக்கும் நடுவில் வேறொன்றும் மிச்சமில்லை. அது மட்டும் தெரிந்திருந்தது.

சித்திரையில் கேம் அப்டேட் ஆனது. கம்ப்யூட்டரில் இருந்த பழைய கிராபிக்ஸ் கார்டு தாங்கவில்லை. ரோடு விட்டுவிட்டு நகர்ந்தது, அப்புறம் திரை அப்படியே நின்றுவிட்டது. மகன் வாட்ஸ்அப்பில் ஒரு கார்டின் படம் அனுப்பிக் கூப்பிட்டான்.

"இது போதுங்கப்பா. புதுசு, வெலையும் கம்மி. தனியா கரண்டு வயர்கூட வேண்டாம், சொருகுனா ஓடும்."

படத்தில் கையகலம் இருந்தது. ஒரே ஒரு ஃபேன். எனக்கு அரை எச்.பி. மோட்டார்போலத் தெரிந்தது. "பாக்கறேன்" என்று மட்டும் சொன்னேன். அடுத்தவர் சொல்லி நான் ஒரு நட்டு போல்ட்டுகூட வாங்கியதில்லை.

டவுன்ஹால் பக்கம் கம்ப்யூட்டர் சாமான், புதுசும் பழசுமாக விற்கும் பாய் ஒருவர் இருக்கிறார். மகன் சொன்ன புதுக் கார்டின் விலைக்கே அவரிடம் பழைய கார்டு ஒன்று இருந்தது. மூன்று ஃபேன், முழ நீளம், நல்ல கனம். கையில் வாங்கி முகர்ந்து பார்த்தேன்.

"ஏனுங் முதலாளி, மல்லிப்பூவுங்களா அது?"

"காயில் கருகியிருந்தா வாசத்துலயே தெரிஞ்சுரும் பாய்."

"இதுல காயிலெல்லாம் பட்டாணி அளவுதானுங்க. உங்க பவர் சப்ளை எத்தனை வாட்டு?"

"நானூத்தம்பது."

"பத்தாதுங்களே. அறுநூத்தம்பதாச்சும் வேணும்."

"அதெல்லாம் தாங்கும் பாய்."

"என்னமோங்க. ஏழு நாள் செக்கிங் தாரேன். ஓடலைன்னா கொண்டாந்துருங்க."

தாங்கும் என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் தோட்டத்துக் கிணற்றுக்கு ஐந்து எச்.பி.க்குத்தான் கரண்டு சர்வீஸ் இருக்கும். தண்ணீர் ஆழத்துக்குப் போய்விட்டதால் ஐந்து இழுக்காது. அதனால் ஏழரை எச்.பி. மோட்டார் செய்து, ஐந்து என்று தகடு அடித்துக் கொடுப்போம். அப்படி எத்தனையோ தகட்டை என் கையால் ரிவிட் அடித்திருக்கிறேன். தகட்டில் இருப்பது பேச்சுக்கு, உள்ளே அதற்கு மேல் இருக்கும் என்பது எனக்கு ஊறிப்போன பழக்கம். கம்ப்யூட்டருக்குக் கரண்டு கொடுக்கும் பவர் சப்ளையின் மேல் ஒட்டியிருந்த நானூற்றைம்பதையும் அப்படித்தான் படித்தேன்.

கார்டு கேபினெட்டுக்குள் நுழையவில்லை. இரண்டு விரல் அளவு நீளம் கூடுதல். அதற்கெல்லாம் அசருகிற ஆள் நானில்லை. உள்ளிருந்த போர்டைக் கழற்றி வைத்துவிட்டு, கேபினெட்டைக் கம்பெனிக்குக் கொண்டுபோய்க் குறுக்கே நின்ற தகட்டைக் கிரைண்டரால் அறுத்தேன். அரம் போட்டுப் பிசிறு எடுத்துப் பெயின்டும் அடித்தேன். அறுத்த இடம் தெரியாது.

மகள் பார்த்துவிட்டு, "ஏனுங்கப்பா, பொட்டியவே அறுத்துப்போட்டீங்களா? தம்பி பாத்தா மயங்கி உழுந்துருவான்" என்றாள்.

"நீ சும்மா இரு அம்மணி. எப்படி உக்காந்திருக்குது பாரு."

ஞாயிறு ஏழு மணி. படம் கண்ணாடிபோல வந்தது. மரத்தில் இலை இலையாகத் தெரிந்தது. பத்து நிமிடம் போனோம். ஒரு மேட்டில் ஏறும்போது எல்லாம் இருட்டிவிட்டது. கம்ப்யூட்டரே அணைந்துவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவையும் அப்படியே. மகன் போனில் வந்தான்.

"என்னாச்சுங்கப்பா? காணாமப் போயிட்டீங்க."

"கரண்டு போயிருச்சு கண்ணு."

"பொறகால டிவி சத்தம் கேக்குதுங்களே."

எழுந்துபோய் டிவியை அணைத்தேன். அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. "சரீங்கப்பா. அடுத்த ஞாயித்துக்கெழமை எனக்கு வேற வேல இருக்கும்போல. பாத்துட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டான்.

கேபினெட்டைத் திறந்து பவர் சப்ளையைத் தொட்டுப் பார்த்தேன். கொதித்தது. அப்போது வந்தது காயில் வார்னிஷ் கருகும் வாசம். தகடு பொய் சொல்லும் என்று தெரிந்த எனக்கு, எந்தப் பக்கமாகப் பொய் சொல்லும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. நாங்கள் மோட்டாருக்குக் குறைத்து அடிப்போம். இந்தப் பவர் சப்ளைக்காரர்கள் கூட்டி அடித்திருக்கிறார்கள்.

பெரிய பவர் சப்ளை ஒன்று வாங்கிப் போட்டிருக்கலாம். நான் நினைத்தது சரி என்று நிரூபித்தும் இருக்கலாம். அதற்கு மனசு எழவில்லை. மறுநாள் காலை பாயிடம் கார்டைத் திருப்பி வைத்துவிட்டு, போனில் இருந்த படத்தைக் காட்டினேன்.

"இது இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. யாரு சொன்னாங்க?"

"பையன்."

"சரியாத்தான் சொல்லியிருக்காப்ல."

வாங்கி மாட்டினேன். சொருகினதும் அதே பவர் சப்ளையில் ஓடியது. முன்னதுபோல இலை இலையாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். சனிக்கிழமை மகனுக்கு, 'நாளைக்கு ஏழு மணிக்கு வா. ஓடும்' என்று அனுப்பினேன். பதில் வரவில்லை.

ஏழு மணிக்கு லாரியை எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். ஏழு பத்துக்கு அவன் லாரி எனக்கு முன்னால் வந்து நின்றது.

"வேல இருக்குதுன்னயே?"

"தள்ளிப்போட்டுட்டேனுங்க."

கிளம்பினோம். போன வாரம் அணைந்த மேட்டையும் தாண்டினோம். கொஞ்ச தூரம் போனதும், "இப்ப எந்தக் கார்டுங்கப்பா போட்டிருக்கீங்க?" என்று கேட்டான்.

"நீ சொன்னதுதான்."

முன்னால் போன அவன் லாரி மெதுவாகி ஓரம் கட்டியது. நானும் பின்னால் நிறுத்தினேன்.

"ஏங்கண்ணு?"

"ஒண்ணுமில்லீங்கப்பா. சும்மா."

நின்றோம். எனக்கு அழுகையோ வேறெதுவோ வரவில்லை. கம்பெனியைப் பற்றிச் சொல்ல வாய்வரை வந்தது, விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் இண்டிகேட்டர் போட்டு ரோட்டில் ஏறினான். நானும் கியர் போட்டு அவன் பின்னால் போனேன்.